அணு உலைச் சாம்பல்: குப்பையா? புதையலா?

விறகடுப்பில் சமையல் முடிந்ததும் தணலில் நீர் தெளித்து, கரியாக்கி எடுத்து வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். அக்கரி இஸ்திரிப் பெட்டிக்கு உதவும். அணு உலையிலும் இப்படி ஒரு கரி மிஞ்சுகிறது. அதை என்ன செய்வது என்பதில் உலக நாடுகள் இரு வழியாகப் பிரிந்து நிற்கின்றன.

பூமியில் கிடைக்கும் யுரேனியத்தில், எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 நூற்றுக்கு 0.7 பங்குதான். ஏனையது பெரும்பாலும் யுரேனியம்-238. உலையில் இதன் ஒரு சிறு பகுதி நியூட்ரானை ஏற்றுப் புளூட்டோனியமாக மாறுகிறது. இதுவும் எரிபொருளே. ஆகவே உலையிலிருந்து வெளிவரும் எரிபொருளில் யுரேனியம் மிகுதியாகவும், புளூட்டோனியம் சிறிதளவும், கொடிய கதிர்வீச்சுள்ள கழிவுகளும் கலந்திருக்கின்றன.

முதல் வழி, அதை அப்படியே புதைத்து விடுவது. பின்லாந்து இதற்காக 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்துள்ளது. அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் 1977-ல், புளூட்டோனியத்தை வணிக முறையில் பிரித்தெடுப்பதை ஒத்தி வைத்தார். அது அணுகுண்டுக்கும் பயன்படும் என்ற அச்சமே காரணம். 1974-ல் பொக்ரானில் நம் நாடு நடத்திய சோதனையிலும் புளூட்டோனியமே பயன்பட்டது.

இரண்டாம் வழி, அமிலத்தில் கரைத்துப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவது. பிரான்சும் இந்தியாவும் இவ்வழியைத் தேர்ந்தன. நம்மிடம் யுரேனியம் குறைவு. மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரை மணலில் தோரியமோ மிகுதி. ஆனால் தோரியம் தானாக எரியாது. நியூட்ரானை ஏற்று யுரேனியம்-233 ஆக மாறிய பின்னரே எரியும். ஆதலால் டாக்டர் ஹோமி பாபா மூன்று படிகளை வகுத்தார்: முதலில் கனநீர் உலை, அடுத்துப் புளூட்டோனியத்தால் இயங்கும் ஈனுலை, முடிவில் தோரியம். கல்பாக்கத்தில் 1985-ல் சோதனை ஈனுலையும், 1996-ல் யுரேனியம்-233 கொண்டு இயங்கும் காமினி என்னும் சிற்றுலையும் இயங்கத் தொடங்கின. எனினும் பாதை நீண்டது. 2004-ல் அங்கே கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் ஈனுலை, இருபது ஆண்டுகள் கடந்து 2024-லும் மின்சாரம் தந்திருக்கவில்லை.

பிரித்தெடுத்தால் கழிவே இராதா? இருக்கும். அதைக் கண்ணாடியோடு உருக்கி உறைய வைத்தாலும், இறுதியில் பாதுகாப்பாகப் புதைத்தே ஆக வேண்டும். பிரிக்காமல் புதைத்தாலோ புளூட்டோனியமும் உடன் செல்லும். அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 24,000 ஆண்டுகள்!

எங்கள் வகுப்பில் இதைப் பற்றி விவாதித்தோம். சிலர் புதைப்பதே நன்று என்றோம். சிலர் புதையலை வீணாக்கலாமா என்றோம். ஒன்றில் மட்டும் எல்லோரும் உடன்பட்டோம். மின்விளக்கின் ஒளியில் படிப்பவர்கள் நாம்; அதன் சாம்பலுக்குக் காவலிருக்கப் போகிறவர்கள் இன்னும் பிறவாதவர்கள். அடுப்பு மூட்டியவரே சாம்பலையும் அள்ள வேண்டும் அன்றோ? எவ்வழியைத் தேர்ந்தாலும், அவர்களையும் எண்ணித் தேர்வோமாக!