கீரையும் மக்ரோனியும் ஒரே உலையில்

இத்தாலி தேசத்துச் சமையல் என்றவுடன் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வழிகிற பதார்த்தங்களையே நினைப்பவர்கள், அந்நாட்டின் தென்கிழக்கிலுள்ள பூலியா பிரதேசத்துக் குடியானவர் வீடுகளில், கசப்புக் கீரையை மாவுப் பண்டத்தோடு ஒரே உலையில் வேகவைத்து, பூண்டு வதக்கிய ஆலிவ் எண்ணெயில் புரட்டி உண்ணும் எளிய சம்பிரதாயத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். முருங்கைக்குப் பெயர்பெற்ற மூலனூரில் அதைச் செய்துகொள்ள ஒரு தடையுமில்லை.

100 கிராம் மக்ரோனிக்கு 1 லிட்டர் தண்ணீரும் 10 கிராம் உப்பும் கணக்கு. பாதி வெந்ததும், உருவிய இளம் முருங்கைக்கீரையில் இரண்டு கைப்பிடி போட்டு, நடுவில் சிறிது கடிபடும் பதத்தில் வடித்துவிட வேண்டும். அந்தக் கஞ்சித் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்துவைக்க மறக்கலாகாது. தட்டிய பூண்டும் கிள்ளிய மிளகாயும் சிறு தீயில் பொன்னிறமாக வதங்கியபின், வடித்ததையும் கஞ்சித் தண்ணீரையும் சேர்த்துக் கிளறினால், மாவுச்சத்து எண்ணெயோடு கூடிக் கெட்டிப்பட்டு ஒவ்வொரு துண்டிலும் படிந்துகொள்ளும். ஆலிவ் எண்ணெய் அகப்படாதவர் செக்குக் கடலெண்ணெயை உபயோகிக்கலாம். இத்தாலியர் ஒப்பமாட்டார்கள், நம் நாக்கு ஒப்பும். தக்காளிச் சாறும் மசாலாப் பொடியும் இதற்கு அநாவசியம். பூண்டு கருகிவிட்டால் மட்டும், தயங்காமல் அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாய்த் தொடங்குங்கள்.