ரிசப்ஷனில் நட்சத்திரம் நிற்கும்போது

சென்னையில் டெஸ்ட் தொடர் நடந்த நேரம். தாஜ் கோரமண்டல் ஹோட்டலில் தங்கியிருந்த சச்சின் டெண்டுல்கர் ஒரு காபி கேட்டிருந்தார். அறைக்கு வந்த ஊழியர், தவறாக நினைக்கவில்லை என்றால் கிரிக்கெட் பற்றி ஒரு விஷயம் பேசலாமா என்று கேட்டார். சச்சின் சம்மதித்ததும், நீங்கள் முழங்கைக் காப்பு அணிந்து ஆடும்போது உங்கள் மட்டை வீச்சு மாறுகிறது என்றார். உலகத்தில் வேறு யாரும் அதைக் கண்டுபிடித்துச் சொன்னதில்லை. சச்சின் அந்தக் காப்பின் வடிவத்தையே மாற்றினார். பல வருடம் கழித்து, 2019 டிசம்பரில், அந்த ஊழியரைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று ட்விட்டரில் ஊரையே கேட்டார். ஹோட்டல் நிர்வாகம் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னது.

இன்னொரு ஹோட்டல், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில். 2022 அக்டோபரில் டி20 உலகக் கோப்பைக்குப் போயிருந்த விராட் கோலி, அறையில் இல்லாத நேரம். உள்ளே நுழைந்த யாரோ அவருடைய காலணி, உடை, சத்து மாத்திரை என்று ஒன்று விடாமல் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டார்கள். என் அறையிலேயே எனக்குத் தனிமை இல்லை என்றால் வேறு எங்கே எதிர்பார்ப்பது என்று கேட்டு கோலி அதை வெளியே சொன்னார். ஹோட்டல் மன்னிப்புக் கேட்டது. சம்பந்தப்பட்டவர்கள் வேலையிலிருந்து விலக்கப்பட்டார்கள்.

இரண்டு இடத்திலும் ரசிகர்கள்தான். முன்னவர் அனுமதி கேட்டார், தான் கவனித்ததைச் சொன்னார். பின்னவர்கள் கேட்கவே இல்லை. பிரபலங்கள் வந்துபோகும் இடத்தில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் விமான நிலையம், மருத்துவமனை, கல்யாண மண்டபம், வங்கி, சபா என்று எங்கே வேலை பார்த்தாலும் இன்றில்லாவிட்டால் நாளை ஒருவர் உங்கள் எதிரில் வந்து நிற்பார்.

நேரில் அவர்கள் எப்படி இருப்பார்கள்? பெரும்பாலும் களைப்பாக இருப்பார்கள். காலை 5 மணிக்கு விமான நிலையக் கவுன்ட்டரில் நிற்கும் நடிகை, இரவு முழுக்க நடந்த ஷூட்டிங் பேக்கப் ஆகி நேரே வந்திருக்கலாம். மதியம் மருத்துவமனை லிஃப்ட்டில் முகம் இறுகி நிற்கும் இயக்குநரின் அம்மா ஐ.சி.யூ.வில் இருக்கலாம். நமக்கு அது வாழ்நாளில் ஒருமுறை வாய்த்த நிமிடம். அவருக்கு அன்றைக்கு எத்தனையாவது முகமோ நாம். அதனால், ஒருவர் சிரிக்கவில்லை என்பதை வைத்து "ஆளு ரொம்பத் திமிரு" என்று முடிவு கட்டாதீர்கள். கேன்டீனில் போய்ச் சொல்லவே சொல்லாதீர்கள். அந்த ஒரு வரி மாலைக்குள் யூடியூப்பில் தலைப்பாகிவிடும்.

நடிகர் சிவகுமாரை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பராமாயணத்தையும் மகாபாரதத்தையும் கையில் ஒரு துண்டுத்தாள் இல்லாமல் மணிக்கணக்கில் மேடையில் சொன்னவர். 2018-ல் மதுரையில் ஒரு திறப்பு விழாவில், அனுமதி கேட்காமல் செல்ஃபி எடுத்த இளைஞரின் கையிலிருந்த போனைத் தட்டிவிட்டவரும் அவர்தான். அந்தச் சில விநாடிக் காட்சி நாடு முழுக்கச் சுற்றியது. தட்டிவிட்டது தவறு, அவரே வருத்தம் தெரிவித்தார். ஆனால் அந்தச் சில விநாடிகள்தான் சிவகுமார் என்று நினைத்தால் நாம்தான் ஏமாந்துபோவோம். திரையை நம்பி ஏமாறுவதும் உண்டு. எம்.என். நம்பியார் திரையில் செய்யாத கொடுமை இல்லை. வெளியே அவர் சைவ உணவுக்காரர். ஆண்டுதோறும் பக்தர்களைச் சபரிமலைக்கு அழைத்துப்போன குருசாமி.

சரி, எதிரில் வந்தாயிற்று. முதலில் வணக்கம். அடுத்து உங்கள் வேலை. "சார்", "மேடம்" போதும். "தலைவா", "தெய்வமே" எல்லாம் தியேட்டருக்கு. 2021 டிசம்பரில் அஜித் குமார் தன்னைப் பட்டப்பெயர் சொல்லி அழைக்க வேண்டாம், அஜித் என்றோ அஜித் குமார் என்றோ ஏ.கே. என்றோ அழைத்தால் போதும் என்று எழுத்திலேயே கேட்டுக்கொண்டார். அப்படிக் கேட்டவரிடம்கூடப் பழைய பட்டத்தைக் கூவுவது அன்பு ஆகாது. டைரக்டரை "அண்ணா" என்று கூப்பிடும் உரிமை அவரோடு வேலை செய்த யூனிட் ஆட்களுக்கு உண்டு. கவுன்ட்டரில் இருக்கும் நமக்கு இல்லை.

யார் என்று தெரியவில்லையா? சங்கடப்பட வேண்டாம். எல்லோரிடமும் கேட்பதுபோலப் பெயரையும் அடையாள அட்டையையும் கேளுங்கள். விஸ்வநாதன் ஆனந்த் தன் ரயில் பயண அனுபவம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். உடன் வந்தவர் என்ன செய்கிறீர்கள் என்று விசாரிக்க, செஸ் ஆடுகிறேன் என்றாராம். அதெல்லாம் நிலையான பிழைப்பு இல்லை தம்பி, விஸ்வநாதன் ஆனந்தாக இருந்தால் தவிர, என்று அந்தப் பெரியவர் புத்தி சொன்னாராம். முன்னாள் உலக சாம்பியன் அதை ரசித்துத்தான் சொல்கிறார். அடையாளம் தெரியாமல் போவது பல பிரபலங்களுக்கு ஓய்வு. தெரிந்ததுபோல நடித்து வேறு யாரோ நடித்த படத்தைப் பாராட்டுவதுதான் அவர்களை நெளிய வைக்கும்.

பாராட்ட வேண்டும் என்றால் ஒரே வாக்கியம், அதுவும் குறிப்பாக. "உங்க படம் எல்லாம் பார்த்திருக்கேன் சார்" என்பதை அவர் நாளுக்கு நூறு முறை கேட்கிறார். எந்தப் படத்தில், எந்தக் காட்சியில், என்ன பிடித்தது என்று சொன்னால் அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். தொழிலைக் கவனித்தவரைத் தொழில் தெரிந்தவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார். நகைச்சுவை நடிகரிடம் "ஒரு காமெடி பண்ணுங்க சார்" என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்த டாக்டரிடம் ஊசி போடச் சொல்வதுபோல அது. உடல் பற்றிய பேச்சும் வேண்டாம்: "நேர்ல குள்ளமா இருக்கீங்க", "வெயிட் போட்டுட்டீங்க மேடம்", "மேக்கப் இல்லாம அடையாளமே தெரியல". நம் வீட்டுப் பெண்ணிடம் முன்பின் தெரியாத ஒருவர் இப்படிப் பேசினால் நாம் பொறுப்போமா?

போட்டோ விஷயத்தில் உங்கள் நிறுவன விதி என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கூடாது என்றால் கூடாதுதான். மேனேஜர் தனக்கு மட்டும் எடுத்துக்கொள்வதைப் பார்த்து மனம் மாற வேண்டாம். அனுமதி உண்டு என்றால் எல்லா வேலையும் முடிந்து, அவர் கிளம்பும் நேரத்தில், உதவியாளரிடம் கேளுங்கள். சாப்பிடும்போதும், போன் பேசும்போதும், குழந்தை கையில் இருக்கும்போதும் கேட்காதீர்கள். கேமராவைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டு, எடுப்பதற்கு வேறொருவரையும் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். பாஸ்வேர்டு போட்டு, லென்ஸைத் துடைத்து, நாலு பேரைக் கூப்பிட்டு நிறுத்துவதற்குள் ஒரு மனிதரின் பொறுமை தீர்ந்துவிடும். தோளில் கை வேண்டாம். பெண் கலைஞர்கள் என்றால் ஒரு முழம் தள்ளியே நில்லுங்கள். எடுத்த படத்தை அவர் அந்த இடத்தை விட்டுப் போன பிறகுதான் போட வேண்டும். இருக்கும்போதே போட்டால் அரை மணியில் வாசலில் கூட்டம் சேரும். அதைச் சமாளிக்கப் போவது உங்கள் செக்யூரிட்டி அண்ணன்தான்.

வாய்ப்புக் கேட்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் பலர் வேறு ஒரு கனவை மடித்து வைத்துக்கொண்டுதான் யூனிஃபார்ம் போடுகிறார்கள். அந்தக் கனவை நான் மதிக்கிறேன். ஆனால் ரூம் சர்வீஸ் தட்டில் கதைச் சுருக்கத்தை வைத்து நீட்டினால் கதையும் போகும், வேலையும் போகும். கார் ஓட்டும்போது "நான் ஒரு பாட்டு எழுதியிருக்கேன் சார்" என்று தொடங்கினால் பின்சீட்டில் இருப்பவருக்குத் தப்பிக்க வழி இல்லை. அதனாலேயே அது அநியாயம். கதை வைத்திருப்பவர்களுக்கான வழி தயாரிப்பு அலுவலகமும் கோ-டைரக்டரும்தான். வேலை நேரத்தில் நல்லபடி அறிமுகமான மேனேஜரிடம், பிறகொரு நாள் உங்கள் சொந்த நேரத்தில் போய், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

மேனேஜர் என்றதும் முக்கியமான ஒன்று. நீங்கள் பேச வேண்டிய ஆள் பிரபலம் அல்ல, அவருடைய மேனேஜர். எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், எந்த வாசல், என்ன சாப்பாடு, யாரை உள்ளே விடலாம் என்பதெல்லாம் அவரிடம்தான். கூடவே டச்-அப் உதவியாளர், டிரைவர், பவுன்சர் என்று நாலைந்து பேர் வருவார்கள். அவர்கள் சாப்பிட்டார்களா, தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லோரும் நட்சத்திரத்தைச் சுற்றி நிற்க, இவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சபாக்களிலும் இதே கதை. மார்கழிக் கச்சேரியில் பாடகருக்குப் பிளாஸ்க்கில் வெந்நீர் போய்விடும். மிருதங்க வித்வானும் வயலின்காரரும் காபிக்குக் காத்திருப்பார்கள். பக்கவாத்தியக்காரர்களை முதலில் கவனிக்கும் தொண்டரை அந்தப் பாடகர் மறக்க மாட்டார். சுருதி சேர்க்கும் நேரத்தில் மட்டும் அறைக்குள் யாரையும் விடாதீர்கள், சபா செயலாளரின் உறவினராகவே இருந்தாலும்.

நம் வேலையை அவர்கள் கவனிக்கிறார்களா? சிலர் நாம் நினைப்பதைவிட அதிகமாகக் கவனிக்கிறார்கள். 2015 ஜூலை 27 அன்று அப்துல் கலாம் குவாஹாட்டியிலிருந்து ஷில்லாங்குக்குக் காரில் போனார். இரண்டரை மணிநேரப் பயணம். முன்னால் போன திறந்த ஜீப்பில் ஒரு வீரர் துப்பாக்கியோடு நின்றுகொண்டே வந்தார். அவரை உட்காரச் சொல்லுங்கள் என்று கலாம் வயர்லெஸ்ஸில் சொல்லச் சொன்னார். செய்தி போய்ச் சேரவில்லை. ஷில்லாங் வந்ததும் அந்த வீரரைத் தேடி அழைத்துவரச் சொல்லி, கை குலுக்கி நன்றி சொல்லி, களைப்பாக இருக்கிறதா, ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அன்று மாலை மேடையில் பேசும்போதே கலாம் சரிந்து விழுந்து காலமானார். உடன் பயணித்த அவருடைய உதவியாளர் சிருஜன் பால் சிங் எழுதியதால்தான் இது நமக்குத் தெரிகிறது.

மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். 2007-ல் நடிகர் ஜார்ஜ் க்ளூனி பைக் விபத்தில் காயம்பட்டு, அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு மருத்துவமனைக்குப் போனார். அவருடைய சிகிச்சைக்குத் தொடர்பில்லாத ஊழியர்கள் கம்ப்யூட்டரில் அவர் ஃபைலைத் திறந்து பார்த்ததாகத் தெரியவந்து, 27 பேர் ஒரு மாதம் சம்பளமில்லாமல் நிறுத்திவைக்கப்பட்டார்கள். ஊழியர்களை நிறுத்திவைக்காமலே இதைத் தீர்த்திருக்கலாம் என்று க்ளூனியே சொன்னார், நிர்வாகம் விடவில்லை. யார் எந்த ஃபைலை எப்போது திறந்தார் என்பது இன்றைய மென்பொருள்களில் பதிவாகிவிடுகிறது. நோயாளியின் ரகசியம் காப்பது மருத்துவருக்கு ஒழுக்க விதி. நர்ஸ், லேப் டெக்னீஷியன், பில்லிங் கவுன்ட்டர் எல்லோருக்கும் அதே பொறுப்பு உண்டு. போனில் யார் கேட்டாலும், சொந்தத் தம்பி என்றே சொன்னாலும், அவர் இங்கே அட்மிட் ஆகியிருக்கிறார் என்றோ இல்லை என்றோ சொல்லாதீர்கள். நிர்வாகத்தின் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். ஹோட்டல் ஆபரேட்டருக்கும் இதேதான்.

அரசு அலுவலகக் கவுன்ட்டரில் இருப்பவர்களுக்குச் சின்னச் சிக்கல் ஒன்று வரும். வரிசையில் காத்திருக்கும் நாற்பது பேரைத் தாண்டி ஒரு பிரபலத்தை உள்ளே அழைக்கலாமா? கூட்ட நெரிசல் ஆபத்தாகும் என்றால் தனி அறையில் உட்கார வைக்கலாம். டோக்கன் வரிசை மாறக் கூடாது. காத்திருப்பவர்கள் சொல்லாவிட்டாலும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

இனி, அவர் மோசமாக நடந்துகொண்டால்? அலுப்பில் வந்த கடுஞ்சொல் என்றால் பதில் சொல்லாமல் சூப்பர்வைசரை அழைத்து விலகிக்கொள்ளுங்கள். அவமதிப்பு, மிரட்டல் என்றால் நேரம், இடம், சாட்சி மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். பெண் ஊழியர்களுக்கு இன்னும் வலுவான பிடிமானம் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்புத் தருவது முதலாளியின் கடமை. விருந்தினர், வாடிக்கையாளர், சூப்பர் ஸ்டார் எல்லோரும் அதில் அடக்கம். வேலைக்காக நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனமும் பணியிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். இல்லாத சிறு நிறுவனங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். "அவர் எவ்வளவு பெரிய ஆள் தெரியுமா" என்று உங்களைத் தடுக்கும் மேலாளர், தன் சட்டக் கடமையில் தவறுகிறார். தனி அறைக்குப் போக வேண்டிய வேலை என்றால் இரண்டு பேராக அனுப்பும்படி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அவர் கிளம்பிய பின் வீட்டிலும் தெருவிலும் எல்லோரும் சூழ்ந்துகொண்டு எப்படி இருந்தார் என்று கேட்பார்கள். பார்த்ததைச் சொல்லுங்கள்: நல்லபடியாகப் பேசினார், அவசரமாகப் போனார், அவ்வளவுதான். அவர் யாரோடு வந்தார், என்ன மாத்திரை சாப்பிட்டார், போனில் யாரிடம் கத்தினார் என்பதெல்லாம் சம்பளம் வாங்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஷிஃப்ட் முடியும்போது அடுத்து வருபவருக்குக் குறிப்பு எழுதி வையுங்கள்: சர்க்கரை இல்லாத காபி, ஏ.சி. 26, காலை 6-க்கு முன் போன் கூடாது, பின்வாசல் வழியாக வண்டி.