உப்பும் வெண்கலமும்

பாம்பனில் எங்கள் குத்துவிளக்கில் அடிக்கடி களிம்பேறும். அம்மா புளியிட்டுத் தேய்ப்பார், மறுபடியும் ஏறும். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், வேதியியல் மாணவன். "ஏன்டா?" என்று கேட்டபோது விடை தெரியவில்லை.

இரவெல்லாம் இரயிலில் பயணம் செய்து, எழும்பூரில் 1851இல் தோன்றிய அரசு அருங்காட்சியகத்திற்குச் சென்றேன். திருவாலங்காட்டு நடராசரின் முன் நெடுநேரம் நின்றேன். மண்ணில் புதைந்து கிடக்கும் படிமங்களில் குளோரைடு உப்பு செம்புடன் கூடி உள்ளே தங்கிவிடும். ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் அது பச்சைத் தூளாகும். உடன் பிறக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மேலும் செம்பைத் தின்னும். இதுவே வெண்கல நோய். இதைத் தீர்க்க அங்கே 1930இல் வேதியியல் ஆய்வகம் அமைத்து, மின்பகுப்பு முறையைக் கையாண்டனர்.

புளியின் அமிலம் மேற்களிம்பைத்தான் கரைக்கும். ஊர் திரும்பியதும், "நல்ல தண்ணியில அலசி வெயில்ல காய வைங்கம்மா" என்றேன்.

"அதத்தானே ஒங்க அப்பத்தா செஞ்சாக" என்றார் அம்மா.