சிஸ்டரிடம் கேளுங்கள்!

பெங்களூரு வார்டுகளில் 2023 முதல் இயங்கும் 'நம்ம கிளினிக்'குகளில் டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன் இருப்பார்கள். சிகிச்சை இலவசம். டாக்டர் சொன்னது புரியவில்லையா? சிஸ்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

● பிபி: அரை மணி நேரம் முன்பிருந்தே காபி வேண்டாம். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பாருங்கள். குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றி, வெறும் கையில் பட்டையைச் சுற்றச் சொல்லுங்கள். அளக்கும்போது பேச்சு கூடாது. 140/90 என ஒருமுறை வந்தால் பதற வேண்டாம்; வேறொரு நாளும் பாருங்கள்.

● சுகர்: வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரம், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். 126-ஐத் தொட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

● காய்ச்சல்: டெங்கு சீசனில் நீங்களாகவே ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போடாதீர்கள், ரத்தக்கசிவு ஆபத்து. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரி.

● மாத்திரை: அட்டைகளை அப்படியே கொண்டுபோங்கள். எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று எழுதி வாங்குங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள்.

● மொழி: கன்னடம் தடுமாறினால், தமிழ் தெரிந்த ஆஷா பணியாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.