மன உறுதி மட்டும் போதுமா?

நம்பிக்கை: மன உறுதி இருந்தால் எந்தக் காயத்திலிருந்தும் எழுந்துவிடலாம்.

போரில் ஊனமுற்ற வீரர்களைப் பாராட்டும் மேடைகளில் தவறாமல் கேட்கும் வரி இது. எழ முடியாமல் படுத்திருப்பவர் காதில் இது எப்படி விழும்? உனக்கு உறுதி போதவில்லை என்று குற்றம் சாட்டுவதாகத்தானே!

முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு முதல் எதிரி படுக்கைப்புண். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாததால், ஒரே நிலையில் உட்கார்ந்து தோல் நைந்துபோவது அவருக்குத் தெரியாது. சக்கர நாற்காலியின் கைப்பிடிகளில் இரு கைகளையும் ஊன்றி, உடம்பை இருக்கையிலிருந்து தூக்கிச் சற்று நேரம் நிறுத்த வேண்டும். கால் மணிக்கொருமுறை இதைச் செய்ய வேண்டும், ஆயுள் முழுக்க. படுத்திருக்கும்போது இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இந்தக் கவனிப்பு இல்லாத காலத்தில் இப்படிக் காயம்பட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சீக்கிரமே இறந்துபோனார்கள்.

1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் இதை மாற்றினார். முறை தவறாமல் புரட்டிப் படுக்கவைத்தார், சிறுநீர்ப்பை பராமரிப்பைக் கட்டாயமாக்கினார், நோயாளிகளைப் பட்டறை வேலையிலும் விளையாட்டிலும் இறக்கினார். 1948 ஜூலை 29 அன்று, காயமுற்ற முன்னாள் படையினர் 16 பேர் அங்கே வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். பாராலிம்பிக்கின் தொடக்கம் அதுதான். அதற்கு முந்தைய தலைமுறைச் சிப்பாய்க்கும் உறுதி குறைவாக இருந்திருக்காது. அவனுக்குக் கிடைக்காமல் போனது பராமரிப்பு.

நம் முரளிகாந்த் பேட்கர் கதையும் இதைத்தான் சொல்கிறது. ராணுவத்தில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் உடம்பில் குண்டுகள் பாய்ந்து நடக்க முடியாமல் போனது. அவரை நீச்சல் குளத்தில் இறக்கியது சிகிச்சைதான். வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போக, பழைய கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சண்ட் கைகொடுத்தார். 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் பேட்கர் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் தங்கம் வாங்கினார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அது.

நம்பிக்கை: உண்மையான வீரன் சீக்கிரமே மீண்டுவிடுவான்.

நாகாலாந்தைச் சேர்ந்த ராணுவ வீரர் ஹொகாடோ ஹொடோஷே செமா, 2002-இல் காஷ்மீரில் கண்ணிவெடியில் இடது காலை இழந்தார். குண்டு எறிதலைக் கையில் எடுத்தது 2016-இல், புனேயில். இடையில் 14 ஆண்டுகள்! 2024 பாரீஸ் பாராலிம்பிக்கில் 14.65 மீட்டர் எறிந்து வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 40. அந்த 14 ஆண்டுகளையும் யாராவது வீண் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நம்பிக்கை: செயற்கைக் கால் பொருத்திவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

ஆகாது. அறுவைக்குப் பிறகு எஞ்சிய கால் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். காலையில் கச்சிதமாக இருந்த செயற்கைக் கால் மாலையில் தொளதொளக்கும், உள்ளே இன்னொரு உறை மாட்ட வேண்டும். இல்லாத கால்விரல் எரிவதும் உண்டு. அது மனப்பிரமை அல்ல, நரம்பும் மூளையும் சேர்ந்து உண்டாக்கும் நிஜமான வலி. வீட்டில் இருப்பவர்கள் அதை நம்பினாலே பாதி பாரம் குறையும்.

நம்பிக்கை: பாவம், இனி அவருக்கு ஓய்வும் பென்ஷனும் போதும்.

பென்ஷன் அவருடைய உரிமை, அதில் பேச்சில்லை. ஆனால் ஓய்வை மட்டும் கொடுத்து ஓரமாக உட்காரவைப்பது, இரக்கம் என்ற பெயரில் நாம் செய்யும் கொடுமை. 1971 போரில் கண்ணிவெடியில் சிதைந்த தன் காலைத் தானே குக்ரிக் கத்தியால் வெட்டி எடுத்தவர் ராணுவ அதிகாரி இயன் கார்டோசோ. எல்லோரும் அந்தக் கத்தியைப் பற்றியே பேசுகிறோம். செயற்கைக் காலுடன் அவர் ஒரு பட்டாலியனுக்கும் பிறகு ஒரு பிரிகேடுக்கும் தலைமை தாங்கியதை யார் பேசுகிறோம்? 1965 போரில் காயம்பட்டுக் காலை இழந்த விஜய் ஓபராய், ராணுவத் துணைத் தளபதி வரை உயர்ந்தார்.

இப்படி ஓரமாக உட்கார மறுத்தவர்களில், சீருடை அணியும் முன்பே விழுந்த ஒருவரும் நம்மிடையே உண்டு. தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல், கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்தார். கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில், 1981-இல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சிறிய பள்ளியாக ஆரம்பித்தது அது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வளர்ச்சி தாமதமான குழந்தைக்குப் பயிற்சி கொடுக்க, இன்று சங்கத்தின் பணியாளர்கள் சுற்றுக் கிராமங்களில் அந்தந்த வீட்டுக்கே போகிறார்கள். தாய்க்கும் அதைச் சொல்லித் தருகிறார்கள்.