'லாக்கப்' நாவலும் இருத்தலியமும்

இருத்தலியம்னு சொன்னாலே பாரீஸ் காபி கடை, சிகரெட் புகை, சார்த்தர், காம்யூ என்று ஒரு படம் மனசுல ஓடும். ஆனால் அந்தத் தத்துவம் கேட்கிற கேள்விகளைக் கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இன்னும் நேரடியாகக் கேட்டிருக்கிறார். மு. சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்' நாவலைத்தான் சொல்றேன். வெற்றிமாறனின் 'விசாரணை' (2015) பார்த்தவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். படத்தின் முதல் பாதிக்கு மூலம் இந்த நாவல்தான்.

1983-ல் ஆந்திராவின் குண்டூரில் சந்திரகுமாருக்கே நடந்தது இது. பிழைப்புக்காகப் போன தமிழ் இளைஞர்கள் சிலரைச் சந்தேகத்தின் பேரில் போலீஸ் பிடிக்கிறது. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி நாள்கணக்கில் அடிக்கிறது. இருபது வருடங்களுக்கும் மேல் கழித்து, 2006-ல் நாவல் வெளிவந்தது.

முதலில் வழக்கு, பிறகு மனிதன்

1945-ல் பாரீஸில் பேசிய ஒரு உரையில் சார்த்தர் காகிதம் வெட்டும் கத்தியை உதாரணம் காட்டினார். நமக்கு ஒரு பம்ப்னு வச்சுக்கலாம். அது எதுக்கு, எவ்வளவு தண்ணி ஏத்தணும் என்பதெல்லாம் டிசைனில் முடிவான பிறகுதான் பம்ப் பிறக்கிறது. மனிதன் அப்படி இல்லை. முதலில் இருக்கிறான், தான் யார் என்பதைத் தன் செயல்களால் பிறகு உருவாக்கிக்கொள்கிறான்.

லாக்கப்பில் இது தலைகீழ். திருட்டு வழக்கு ரெடி. 'திருடன்' என்கிற ஸ்பெக்கும் ரெடி. அதில் பொருத்த ஒரு உடம்புதான் வேணும். வெளியூர்க்காரன், மொழி தெரியாதவன், கேட்க நாதியில்லாதவன் கிடைத்தால் வேலை முடிஞ்சுது. அந்த அறையில் மனிதனைப் பம்ப் மாதிரி ஆக்கப் பார்க்கிறார்கள்.

'இல்லை' என்கிற சுதந்திரம்

சார்த்தரின் 'சுவர்' (1937) சிறுகதையிலும் ஒரு கைதி இருக்கிறான். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிடிபட்ட பாப்லோ. தோழன் ஒளிந்திருக்கும் இடத்தைச் சொன்னால் உயிர் பிழைக்கலாம். அவனிடம் மறைக்க ஒரு ரகசியம் இருக்கிறது. அதுவே அவனுக்கு ஒரு பலம்.

குண்டூரில் பிடிபட்டவர்களிடம் ரகசியமே இல்லை. 'நாங்க செய்யல' என்கிற உண்மையை ஏற்கெனவே சொல்லியாச்சு. அதைத்தான் யாரும் ஏற்கத் தயாராக இல்லை. காம்யூ சொல்லும் அபத்தம் இதைவிடத் தெளிவாக வேறெங்கே தெரியும்? அந்த நிலையிலும் அடுத்த அடிக்கு முன்னால் 'இல்லை' என்று சொல்லும் இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. இருத்தலியம் சுதந்திரம் என்று சொல்வது, இங்கே அந்த ஒரு வார்த்தை அளவுக்குச் சுருங்கி நிற்கிறது.

அப்போ, அடி தாங்காமல் 'ஆமா' என்றவன் கோழையா? 'எப்போதும் உனக்குத் தேர்வு உண்டு' என்று மேடையில் சொல்வது ஈஸி. உடம்புக்கு ஒரு எல்லை உண்டு. அதை அறிந்து அடிக்கிறவர்களிடம்தான் இந்தக் கேள்வியைக் கேட்கணும். 'மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய' என்பதைச் சார்த்தர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்பார். லாக்கப் அறையில் நிஜமாகவே தேர்வு இருந்தது லத்தி பிடித்தவருக்கு.

சட்டம் எங்கே போச்சு?

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-வது பிரிவு. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிரான ஆதாரமாக்க முடியாது என்று 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டமே சொன்னது. 1983-லும் இவை இருந்தன. ஆனால் சட்டத்தைக் கேட்டு வாங்க வெளியே ஒரு ஆள் வேணும். கேட்பவனை ஒரு மனிதனாகப் பார்க்கும் கண்ணும் வேணும்.

திருச்சி ஜங்ஷனில் தினமும் பையோடு இறங்கும் வடமாநிலத் தொழிலாளர்களைப் பார்க்கிறோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலும், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் பக்கமும் ராத்திரி படுத்திருப்பவர்களைப் பார்க்கிறோம். ஹாஸ்டலில் ஒரு போன் காணாமல் போனால் முதல் சந்தேகம் யார் மேல போகுது? குண்டூரில் அந்த இடத்தில் இருந்தவர்கள் தமிழர்கள்.

தன்மேல் ஒட்டப்பட்ட 'திருடன்' என்கிற பெயரை, இருபது வருடம் கழித்துப் பேனா எடுத்துக் கிழித்துப் போட்டார் சந்திரகுமார். தான் யார் என்பதை அவரே எழுதினார். சின்னப் புத்தகம்தான், ஒரே மூச்சில் படிச்சிடலாம். படிச்சு முடிச்சதும் இந்த இரண்டு கேள்வியை நண்பர்களோடு பேசிப் பாருங்க: நாம யாருக்கெல்லாம் ஸ்பெக் எழுதி வச்சிருக்கோம்? அதை மாத்திக்க நமக்கு என்ன தடை?