குழந்தைகளின் இரத்தசோகை: கணக்கெடுப்புகள் கூறுவது என்ன?

பிறக்கும் குழந்தை வெறுங்கையுடன் வருவதில்லை. கருவில் இருக்கும்போதே தாயிடமிருந்து இரும்புச்சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அந்த இருப்பு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கே போதுமானது. அதன்பின் வரவு உணவின் வழியாகவே வரவேண்டும். வரவு குறைந்து வளர்ச்சி என்னும் செலவு மிகும்போது தோன்றுவதே இரத்தசோகை.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அதனை இரத்தசோகை எனக் கொள்வது நெடுநாள் வழக்கம். இவ்வளவையின்படி தேசியக் குடும்பநல ஆய்வுகள் காட்டும் போக்கு சிந்தனைக்குரியது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளுள் 2005-06இல் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோராய் இருந்தனர். 2015-16இல் இது 59 விழுக்காடாகக் குறைந்தது. 2019-21இல் மீண்டும் 67 விழுக்காடாக உயர்ந்தது. தமிழ்நாட்டிலும் 51இலிருந்து 57ஆக ஏறியது. கேரளத்தில் 39 விழுக்காடாக இருக்க, தொழில்வளம் மிக்க குஜராத்தில் 80 விழுக்காட்டை எட்டியது. பொருள்வளம் மட்டும் குழந்தையின் குருதியை வளப்படுத்திவிடாது என்பதை இது உணர்த்துகிறது.

இவ்வெண்களை நாம் கவனத்துடன் படிக்கவேண்டும். குடும்பநல ஆய்வில் தோலில் குத்தி எடுத்த இரத்தத்துளி சோதிக்கப்பட்டது. நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்த 2016-18ஆம் ஆண்டுத் தேசிய ஊட்டச்சத்து ஆய்வோ, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளுள் 41 விழுக்காட்டினரிடமே இக்குறையைக் கண்டது. வயது வரம்பும் அளக்கும் முறையும் மாறும்போது எண்ணும் மாறுகிறது. எனினும் குறைந்த கணக்கையே ஏற்றாலும் ஐவரில் இருவர் என்பது சிறிய தொகையன்று.

இதில் இழப்பது யாது? முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை விரைந்து வளர்கிறது. அப்போது ஏற்படும் இரும்புக்குறை கற்கும் திறனையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும். பின்னர் மருந்து கொடுத்தாலும் அவ்விழப்பு முழுமையாக ஈடாகாமற் போகலாம்.

காரணம் தாயிடமிருந்தே தொடங்குகிறது. 2019-21இல் இந்தியப் பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். தாயின் இருப்பே குறைவெனில் சேய்க்குக் கிடைப்பதும் குறைவே. ஆறு மாதத்துக்குப் பின்னும் பால், சோறு என்றே நிறுத்திவிடுவதும், குடற்புழுவும், அடிக்கடி வரும் தொற்றும் குறையை மிகுவிக்கின்றன.

2018இல் தொடங்கிய இரத்தசோகையற்ற பாரதம் திட்டத்தின்கீழ் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்பு, ஃபோலிக் அமிலச் சாறு வழங்கப்படுகிறது. குடற்புழு நீக்க மாத்திரையும் ஆண்டுக்கு இருமுறை உண்டு. அங்கன்வாடியில் இவற்றைக் கேட்டுப் பெறுவோம். ஆறாம் மாதம் முடிந்ததும் தாய்ப்பாலுடன் மசித்த பருப்பு, கேழ்வரகு, கீரை, முட்டை, ஈரல் முதலியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்குவோம். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் ஆகியவை தாவர உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்கத் துணைபுரியும். தேநீர் அதனைத் தடுக்கும். வெளிறிய கண்ணிமையும் ஓயாத சோர்வும் கண்டால் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடுவோம்.

குழந்தையின் பெயரில் கணக்குத் தொடங்கும் நாம், அதன் குருதியிலுள்ள இருப்பையும் உரிய காலத்தில் சரிபார்ப்போமாக.